மூன்று ஜக்கும் முப்பது கிராம் கேஸும்

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். எதை வாங்கினாலும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். காட்டுக்குள் நடந்துபோய்க் கூடாரம் போட்டுத் தங்கும் பைத்தியம் பிடித்த பிறகு, ஒரு நாள் சட்டி ஒன்றை வாங்கிவந்தார். ஒரு லிட்டர் கொள்ளும். அடிப்புறத்தில் கார் ரேடியேட்டர் போல மெல்லிய தகடு மடிப்பு மடிப்பாக ஒட்டியிருந்தது. விலையைக் கேட்டதும், இத்தனை வருடம் மதிக்காமல் வைத்திருந்த என் பிரஷர் குக்கரின் மேல் எனக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

“சாதாரண சட்டியில நெருப்பு பாதி பக்கவாட்டுல ஓடிப் போயிரும். இதுல அந்தத் தகடுங்க சூட்டப் புடிச்சி வச்சிக்கும். கேஸ் மிச்சம் லா,” என்றார்.

“மிச்சம் பண்ணி என்ன செய்யப் போறீங்க?”

“வெயிட்டு கொறையும். தூக்கிட்டு நடக்கணும்ல?”

எடையைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு. கடைக்குப் போனால் அரிசிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, கார்ச் சாவியைச் சுமந்துவருகிற மனிதர்.

சனிக்கிழமை பழைய சட்டியில் சோதனை நடந்தது. நான் கேக் மாவு நிறுக்கும் தராசில் கூடார அடுப்பின் சின்னக் கேஸ் டின்னை நிறுத்து, ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மறுபடி நிறுத்தார். பதினைந்து கிராம் செலவு. ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டியின் முறை. நான் தேவாலயத்திலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையை ஒழுங்குபடுத்திவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பியபோது மூன்று சோதனைகள் முடிந்திருந்தன. மனிதர் தரையில் நிற்கவில்லை.

“அலமாக்! லிட்டருக்கு அஞ்சே கிராம்! பெட்டியிலகூட இவ்வளவு கம்மியா போடல. செஞ்சவங்களுக்கே தெரியல போல!”

அடுத்த வாரம் பெக்கோக் பக்கக் காட்டில் ஓர் இரவு தங்கப் போனோம். நான் பையில் ஒரு புது டின் வைத்தேன். அவர் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, முப்பது கிராம் மிச்சமிருந்த பழைய டின்னை வைத்தார்.

“ஆறு லிட்டருக்கு வரும். நமக்கு நாலு போதும்.”

“காலையில எனக்கு டீ வேணும்.”

“கணக்குல இருக்கு லா.”

காலையில் தேநீர் குடிக்காவிட்டால் எனக்குத் தலைவலி வரும். எனக்குத் தலைவலி வந்தால் அவருக்கு நிம்மதி போகும். இருவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

மாலையில் தேநீர், ராத்திரிக்கு மீ நூடுல்ஸ், அதற்குப் பின் சூடாக மைலோ. அத்தனையும் ராஜ உபசாரம். விடிந்ததும் ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு, புதுச் சட்டியை அடுப்பில் வைத்தார். நெருப்பு நீலமாக எரிந்தது, பிறகு சுருங்கியது, பிறகு ‘புஸ்’ என்று போய்விட்டது. தண்ணீர் வெதுவெதுவென்றுகூட ஆகியிருக்கவில்லை. தேயிலைத் தூள் மேலேயே மிதந்தது.

விட்டேனா நான்? சட்டியில் ஆரம்பித்து, தராசுக்கு வந்து, அவர் பார்க்கிற வேலை வரைக்கும் போய்விட்டேன். “மெஷின் ரிப்பேர் பண்றவருக்குத் தண்ணி காய வைக்கத் தெரியல. அந்த ஃபேக்டரி இன்னும் எப்படி ஓடுது?” அவர் காலி டின்னைக் காதருகே வைத்து ஆட்டினார்.

“எங்க தப்பு பண்ணேன்னு புரியல,” என்றார் தனக்குத்தானே. “மூணு ஜக்குலயும் நான்தானே குழாய்த் தண்ணி புடிச்சி மேசை மேல வச்சேன். நோட்டு எடுக்கப் போயிட்டு வந்து அதத்தானே ஊத்துனேன்.”

மூன்று ஜக்கு. திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினேன்.

எங்கள் வீட்டில் மேசைக்கு வரும் தண்ணீர் கொதிக்க வைத்த தண்ணீராகத்தான் இருக்கும். ஜக்கில் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அன்றைக்கும் இருக்கவில்லை. மூன்றையும் கொட்டிவிட்டு, தேவாலயத்துக்குப் போகும் முன் கொதிக்க வைத்த பெரிய கெட்டிலிலிருந்து ஊற்றி நிரப்பினேன். கை பொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. பாதி சூட்டை என் வீட்டு அடுப்பு கொடுத்திருக்கிறது, பெயரைச் சட்டி வாங்கிக்கொண்டது.

“ஏன் பேச்சையே காணோம்? தலைவலியா?” என்றார்.

“ஆமா,” என்றேன். பொய் சொன்னதற்கோ என்னவோ, உண்மையிலேயே தலை வலிக்க ஆரம்பித்தது. அவர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் பாலோ ஊரில் வண்டியை நிறுத்தி எனக்கு இரண்டு கிளாஸ் தேநீர் வாங்கிக்கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் இரண்டையும் குடித்தேன். சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் ஊர் குளுவாங் வந்து சேரும் வரை நினைத்தேன். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு தேவாலயத்திலிருந்து வந்தபோது மேசையில் மறுபடி மூன்று ஜக்கு. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது: ‘பச்சைத் தண்ணீர். மாற்றாதே.’

அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எப்பத்துல இருந்து தெரியும்?” என்றேன்.

“காட்டுலயே. நீ திட்றத நிறுத்துனப்பவே.”