அண்ணியோடு வந்த டாபர்மேன்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த அன்று அவருடைய பெட்டியைத் திறந்து அடுக்கியவள் நான்தான். பட்டுப்புடவைகளுக்கு மேலே, நாய்க்கு மாட்டும் தோல் வாய்ப்பூட்டு ஒன்று இருந்தது. எண்ணெய் தடவித் தடவி மெருகேறிய பழைய தோல். ஊரில் பெண்கள் சீராகக் குத்துவிளக்கு கொண்டு வருவார்கள், எங்கள் வீட்டுக்கு நாய் வருகிறது என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். மறுவாரம் அது லாரியிலிருந்து இறங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அது எழுபதுகளின் பிற்பகுதி. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், பின்பக்கம் முற்றம் வைத்த பழைய வரிசை வீடு எங்களுடையது. அண்ணியின் அப்பா ஒரு மரக்கிடங்கில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தவர். கிடங்கை மூடியபோது அங்கே காவலுக்கு இருந்த டாபர்மேனை யாரும் ஏற்கவில்லை; அவரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு அவர்களுக்கு ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அங்கே பெரிய நாய் வைத்திருக்க அனுமதி இல்லை. ஆகவே மகளோடு அதுவும் எங்களிடம் வந்தது. பெயர் டைகர். எங்களிடம் ஏற்கெனவே இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று, அம்மாவின் காலடியிலேயே கிடக்கும் கிழட்டு மொட்டை. மற்றொன்று நான் வளர்த்த வெள்ளைக் குட்டை நாய் சிட்டு. டைகருடைய தலையின் எடைகூட அதற்கு இருக்காது.

அண்ணி முதல் நாளே சட்டம் போட்டார். டைகருக்கு முற்றம், நடுவே இரும்புக் கதவு. மூன்று நாய்க்கும் மூன்று கிண்ணம், மூன்று இடம். வாய்ப்பூட்டு இல்லாமல் டைகர் வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் கால் வைக்கக் கூடாது. அவர் இல்லாதபோது தாழ்ப்பாளை யாரும் தொடக் கூடாது. மருத்துவமனைக்கு வேலைக்குக் கிளம்புமுன் அதை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். காலையில் டைகரோடு அவர் நடக்கும்போது, சிட்டுவோடு நான் இருபது அடி முன்னால் போக வேண்டும். நாள் போகப் போக இடைவெளியைக் குறைக்கலாமாம். "அவன் கெட்டவன் இல்லைங்க. ஆனா அவன் பல்லும் சிட்டு பல்லும் ஒண்ணா? நாமதான் பாத்து நடந்துக்கணும்," என்றார். இரண்டு நாள் போனேன். தூக்கம் கெடுகிறது என்று நின்றுவிட்டேன். உண்மை அதுவல்ல. நேற்று வந்தவர், என் நாய் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்வது பிடிக்கவில்லை.

சிறு வயதில் அண்ணனும் நானும் சண்டை போட்டால், அம்மா எங்களை எதிரெதிரே உட்காரவைத்து ஒரே தட்டில் சோறு போடுவார். சோறு தீர்வதற்குள் பேச்சு வந்துவிடும். நாய்களுக்கும் அதே வைத்தியம் செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், அண்ணி வேலையில், அம்மா கோயிலில். பெரிய தாம்பாளத்தில் சோற்றையும் ஆட்டெலும்பையும் பிசைந்து, தாழ்ப்பாளைத் திறந்து, முற்றத்தின் நடுவே வைத்தேன். மொட்டை கதவோடு நின்றுவிட்டது. அதற்கு என்னைவிட அறிவு இருந்தது. சிட்டு நேராக ஓடி எலும்பில் வாய் வைத்தது.

அடுத்த நொடி சிட்டுவின் காது டைகரின் வாயில் இருந்தது. நான் இடையில் கையை விட்டேன். பல் என் உள்ளங்கையில் இறங்கியது. நான் அலறியதும் டைகர் பிடியை விட்டு, சுவரோரம் போய்த் தலை குனிந்து நின்றது. ரத்தம் சொட்டச் சொட்ட நான் முதலில் செய்த காரியம், தாம்பாளத்தைக் கழுவி அலமாரியில் வைத்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் செய்தேன்.

கையில் தையல் போட்டார்கள். சிட்டுவுக்குப் பாதிக் காது போயிற்று. கதவு திறந்து கிடந்தது என்று மட்டும் வீட்டில் சொன்னேன். யார் திறந்தது என்று சொல்லவில்லை. அண்ணி முகம் வெளுத்துப் போனது. "நான்தான் தாழ்ப்பாள் போடாம போயிருக்கேன்," என்றார்.

அண்ணன் கொதித்தான். "நாளைக்கு இந்த வீட்ல பிள்ளைங்க ஓடியாடும். ஊசி போட்டுக் கொன்னுடலாம், வேற வழியில்ல." டைகருக்காகப் பேசத் தனக்கு உரிமை இல்லை என்று அண்ணி நினைத்திருக்க வேண்டும். மூன்று நாளும் போகும்போதும் வரும்போதும் அந்தத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, டைகரை ஊசிக்குக் கொண்டுபோக, சந்து முனையில் டாக்சி வந்து நின்றது. அண்ணி வாய்ப்பூட்டோடு குனிந்தார். நடக்கப் போகிறோம் என்று நினைத்து, டைகர் தானாகவே முகத்தை நீட்டியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணா, கதவத் திறந்தது நான். மூணுக்கும் ஒரே தட்டுல சோறு வச்சேன்."

அண்ணன் என்னை அடிக்கத்தான் வருவான் என்று நினைத்தேன். அவன் அண்ணியைத்தான் பார்த்தான். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் போயிருக்கேன்," என்றார். மூன்று நாளாகக் கண் கலங்காதவர் அப்போதுதான் அழுதார். அண்ணன் போய் டாக்சியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தான்.

டைகர் அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் எங்களோடு இருந்து, கிழமாகித்தான் செத்தது. கடைசி வரை மூன்று நாய்களும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. இப்போது ஈசூனில் என் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு நாய் கடித்துவிட்டது என்று யாராவது சொன்னால், என்ன ஜாதி நாய் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கதவைத் திறந்தது யார் என்று நான் கேட்கிறேன்.

டாக்சி திரும்பிப் போன மறுநாள் காலை, அண்ணி என் கதவைத் தட்டினார். கையில் இரண்டு வார்கள். சிட்டுவின் வாரை அவர் வைத்துக்கொண்டு, டைகரின் வாரை என் கட்டுப்போடாத கையில் கொடுத்தார். "நீ இவனப் பிடி. சிட்டுவ நான் பாத்துக்கிறேன்," என்றார். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. அது வார் வழியாக டைகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு முறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு என் நடைக்கு நடந்தது. அண்ணியும் சிட்டுவும் இருபது அடி முன்னால் போனார்கள். பூக்கடைகள் திறந்துகொண்டிருந்த சாலையில் முனை வரை போய்த் திரும்பினோம். யாரும் யாரையும் கடிக்கவில்லை.