மேடையில் கிடைத்த மிக்ஸி

போன வருட ஆயுத பூஜை அன்று நடந்தது. வேலம்பாளையத்தில் நான் ஓவர்லாக் தைக்கும் பனியன் கம்பெனியில், மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்து முடித்ததும், வருடத்தின் சிறந்த டெய்லர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பரிசு, மிக்ஸி! என் வீட்டு மிக்ஸி செத்து மூன்று மாதம். தினமும் அம்மியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு வாயெல்லாம் பல்.

கூடவே ஏழாவது படிக்கும் என் மகளும் மேடையேறிவிட்டாள். “ரெண்டு வார்த்தை பேசு கண்ணு” என்று சூப்பர்வைசர் மைக்கை நீட்டியதுதான் தாமதம், பள்ளி நூலகத்தில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டாள். அமெரிக்காவில் லகோட்டா என்று ஒரு பழங்குடி மக்களாம். தைரியம், பொறுமை, கொடை எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லி வளர்ப்பார்களாம். ஒருவருக்குப் பெருமை வந்தால், அந்த வீட்டார் மற்றவர்களுக்குத்தான் பரிசு கொடுப்பார்களாம். அதோடு நிறுத்தினாளா?

“எங்கம்மாவும் அப்படித்தானுங்க. இந்த மிக்ஸியக் குடுத்துருவாங்க!”

ஒரே கைதட்டல். அடிப்பாவி! மாட்டேன் என்றால் அத்தனை பேர் முன்னால் பிள்ளை பொய் சொன்னவளாகிவிடுவாள். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழித்தேன்.

அப்போதுதான் பக்கத்து மெஷின் பீகார்காரப் பெண் கண்ணில் பட்டாள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். என் விரலில் ஊசி ஏறிக் கட்டுப் போட்டிருந்த ஒரு வாரமும் தன் வேலையை முடித்துவிட்டு, என் பங்குத் துணிப் பண்டலையும் தைத்துக் கொடுத்தவள். அவள் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் பரிசு ஏது? இது எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாகிவிட்டது.

இறங்கிப் போய் அவள் மடியில் பெட்டியை வைத்தேன்.

“வேணாம் அக்கா, இது உங்க மிக்ஸி!”

“அட, புடி புள்ள! எம்மனசு மாறீரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் மெல்ல, “கோவமாம்மா?” என்றாள். “இனி சட்னி நீதான் அரைக்கோணும் சாமி” என்றேன்.

அரைக்கும் அவசியமே வரவில்லை. பூஜை லீவு முடிந்ததிலிருந்து அந்தப் பெண்ணின் டிபன் பாக்ஸில் எங்களுக்கும் ஒரு பங்கு மல்லிச் சட்னி வருகிறது. அதைத் தொட்டுக்கொள்ளும்போதெல்லாம் நினைப்பேன்: பக்கத்து மெஷினில் இருந்தவளை நான் சரியாகப் பார்க்க, எங்கேயோ கடலுக்கு அப்பாலிருந்து ஒரு கதை வர வேண்டியிருந்தது.