பரீட்சைக்குக் கட்டிய குடிசை

கடைசி எட்டு நாள் பிள்ளையைத் தனியாக விடுங்கள், வேலை வைக்காதீர்கள், யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள், படித்ததையே திரும்பப் படிக்கட்டும் என்று வாத்தியார் அப்பாவிடம் சொன்னது என்னவோ நல்லதுக்குத்தான். அவர் மலைக்குக் கீழே பிறந்தவர். அவர் வீட்டில் நாலு அறை இருந்திருக்கும். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; திண்ணனூர் நாட்டில் எங்கள் வீடு ஒரே அறை. அதற்குள் அடுப்பு, குதிர், என்னோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள். அப்பா ஒரு ராத்திரி யோசித்தார். விடிந்ததும் சாமைக் காட்டு ஓரத்தில் பச்சைத் தழை வெட்டிவந்து எனக்கென்று ஒரு குடிசையைக் கட்டிவிட்டார்.

வெள்ளைக்காரன் காலம் அது. கீழ்நாட்டில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் மலைப் பிள்ளைக்கென்று ஒரே ஓர் இடம் வைத்திருந்தார்கள். அதற்குத்தான் பரீட்சை. தேறாவிட்டால் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது.

குடிசையில் முதல் நாள் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் அழுகை வந்தது. தங்கை களியும் கீரையும் கொண்டுவந்து கல்லின் மேல் வைப்பாள். பேசினால் அக்கா தேறமாட்டாள் என்று அம்மா மிரட்டியிருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். ஏதாவது ஒரு குரல் காதில் விழட்டுமே என்று வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வேன். தப்பாகச் சொன்னாலும் கேட்க நாதியில்லை. யாராவது வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஐந்தாம் நாள் மாமா வந்தார். பைல் நாட்டிலிருந்த அம்மாவின் அண்ணன். கூடவே அத்தை. தலையில் அரிசி மூட்டை, கூடையில் வெல்லம், தேங்காய், மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுச் சேலை. எங்கள் மலையில் பெண்பிள்ளை பச்சைக் குடிசையில் உட்கார்ந்தால் அதற்கு ஒரே காரணம்தான், அவள் பெரியவளாகிவிட்டாள். அந்தக் குடிசையைக் கட்டும் உரிமையும் தாய்மாமனுக்குத்தான். செம்மேட்டுச் சந்தைக்குப் போன யாரோ என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்க மச்சான், குடிசை கட்ட என்னையக் கூப்புடோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா?" என்று வந்த வேகத்தில் சண்டைக்கு நின்றார்.

தான் செய்த காரியம் அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அட, இது பரீட்சைக்குங்க மச்சான்."

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். ஐந்து நாள் கழித்து மனுசச் சிரிப்பைக் கேட்ட சந்தோஷத்தில் நானும் உள்ளிருந்து சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது அவர் தனியாக வந்து குடிசைக்கு எதிரே குந்தினார். வாத்தியார் பேச்சை மீறி என்னிடம் வாய் திறந்தவர் அவர் ஒருவர்தான்.

"கீழ போனா எத்தன வருசம் கண்ணு?"

"ஏழெட்டு வருசமுங்க மாமா."

"படிச்சு முடிச்சா இங்கயே வந்துருவியா சாமி?"

"வந்துருவனுங்க."

"மாமன் ஊட்டுக்கு?"

"வாரனுங்க மாமா."

இன்னும் கொஞ்ச நேரம் அவர் உட்கார்ந்திருப்பார் என்றால் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். சேலையை அம்மா கையில் கொடுத்து, "இருக்கட்டும், வெச்சிரு" என்றார்.

நான் தேறினேன். கீழே போனேன். லீவுக்கு வரும்போதெல்லாம், மாமா தன் மகனுக்கு வந்த பெண்களையெல்லாம் தட்டிக்கழிக்கிறார் என்று அம்மா சொல்லுவாள். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பிறகு டவுனில் டீச்சராகி, என்னோடு வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டேன். அந்தக் கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. அன்றைக்குக் குடிசை வாசலில் குந்தியிருந்தவர் தன் மகனுக்குப் பெண் கேட்டார் என்பதும், பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதும் பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை.