வால்வுக்காரரின் வயிற்றெரிச்சல்

மெல்லிசைக் குழுவில் அவருக்குப் பெயர் வால்வு. இருபது வருடமாக ஒரே வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டு கிதார் வாசிக்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெட்டி முப்பது கிலோ. ஒத்திகை அறையோ அச்சகத்துக்கு மேலே மூன்றாவது மாடியில். தூக்கிக்கொண்டு ஏறி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அப்புறம் பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற அந்தக் கண்ணாடி வால்வு சூடாக வேண்டும். அதுவரை யாரும் அவரிடம் பேசக்கூடாது. "வீட்லயும் அப்படித்தான், எழுந்து அரைமணி நேரம் ஆகணும்" என்பாள் மனைவி. வால்வை மாற்றச் சொன்னால், "பழகப் பழகத்தான்யா குரல் கனியும்" என்று அடித்துப் பேசுவார்.

மனைவியின் தம்பிக்கும் அதே குழுவில் கிதார்தான். மூன்று வருடத்துக்கு முன் அவன் தன் ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டு, டிபன் டப்பா அளவில் ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்கினான். எந்த ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தையும் அதில் ஏற்றிக்கொள்ளலாமாம். பையைத் தோளில் மாட்டிச் சீட்டியடித்தபடி படியேறுவான்.

அதைக்கூட வால்வு பொறுத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. உருண்டு திரண்ட, சூடான சத்தம். "பொம்மைப் பெட்டி" என்று வெளியே சிரித்தார். உள்ளே வயிறு பற்றியெரிந்தது.

ஒருநாள் குழுவை நடத்தும் பாடகி சொன்னாள்: "புது ஹால்ல மேடை சின்னது. ஒரு கிதாருக்குத்தான் இடம். யார் சத்தம் நல்லா இருக்கோ அவங்க வரட்டும்."

"ரெண்டுலயும் நானே வாசிக்கிறேன்" என்று வால்வு முந்திக்கொண்டார். "நீங்க சுவரைப் பாத்து நில்லுங்கம்மா. எது வால்வுன்னு உங்க காதே சொல்லும்."

முதலில் தன் ஆம்ப்ளிஃபயரில் வாசித்தார். பிறகு அதே மெட்டை மைத்துனன் பெட்டியில்.

"ரெண்டாவதுதான் அண்ணனோடது" என்றாள் பாடகி, திரும்பாமலே. "முதல்ல சோகை பிடிச்ச மாதிரி வந்துச்சே, அதுதானே பெட்டி?"

வால்வின் முகத்தில் ஈயாடவில்லை. "இந்தப் பெட்டியில நீ ஏத்தி வச்சிருக்கிறது எந்த ஆம்ப்டா?" என்றார் மைத்துனனிடம்.

"உங்களோடதுதான் அத்தான்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் இதை வாங்கின புதுசுல நீங்க கடைசியா புது வால்வு போட்டீங்களே, அந்த வாரம் நீங்க இல்லாதப்போ அக்காகிட்ட சொல்லிட்டு, முன்னால மைக் வச்சு இதுல ஏத்திக்கிட்டேன். உங்களைக் கேட்டா விடமாட்டீங்க. அன்னையிலேர்ந்து அதுலதான் வாசிக்கிறேன்."

மூன்று வருடம் வயிறெரிந்தது தன் சத்தத்தைக் கேட்டுத்தான். அவருடைய வால்வு கனியவில்லை, தேய்ந்துவிட்டிருந்தது. இவனிடம் மட்டும் அது அப்படியே இருக்கிறது. கொடுத்துவைத்தவன்! அந்த நிமிடம் பொறாமை இரண்டு மடங்காயிற்று.

"அழிச்சிடு அதை."

மைத்துனன் பெட்டியை முன்னால் இழுத்தான். குனிந்து பொத்தானில் விரலை வைத்தான். "அழிச்சா திரும்ப வராது அத்தான். அழிக்கட்டுமா?"

வால்வு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரம் விடவேயில்லை.

"ஹாலுக்கு நீயே போடா" என்றார். "அதை மட்டும் அழிச்சிடாதே."