மாமாவின் சிவப்புக் காலிப்பர்

எங்கள் ஊரில் என் தாய்மாமாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கேஸ் குழாய் பதிக்க வயலை அளக்க வந்தவர்கள் மேல் காரை ஏற்றிய வீரர். சும்மா சொல்லக்கூடாது, கதை செம கெத்து. ஆனால் பொய். அந்தக் காரை வலது பக்கம் திருப்பியது மாமா இல்லை, நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மாமா துபாயில் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். லீவில் பெண் பார்க்க வந்தவர், பெண் வீட்டு வாசலில் ஸ்டைலாகப் போய் இறங்க வேண்டும் என்று பழைய கார் ஒன்றை வாங்கினார். திரும்பிப் போக ஒரு வாரம் இருக்கும்போது, அதன் காலிப்பருக்குச் சிவப்பு அடிக்கிறேன் என்று ஆரம்பித்தார். முன்சக்கரங்களைக் கழற்றிச் செங்கல் அடுக்கின் மேல் வண்டியை நிறுத்தினார். உள்ளே ஓர் இரும்புத் தட்டு, அதன் ஓரத்தில் கொடுக்கு மாதிரி ஒரு பிடி. அதுதான் காலிப்பர்.

“பிரேக் அமுக்குனா இது அந்தத் தட்ட கவ்விக்கும் பாப்பா. அங்கல்லாம் இதுக்கு செவப்பு அடிச்சாத்தான் மதிப்பு.”

பக்கத்து வீட்டுப் பெரியப்பா வேலி ஓரம் நின்று பார்த்தார். “ஏன்டா, காருக்கும் கட்சி கலரா?”

“கட்சியில்லண்ணே, ஸ்டைலு.”

“சக்கரத்துக்குள்ள அடிக்கிற ஸ்டைல எவன்டா குனிஞ்சி பாப்பான்?”

மாமா தட்டின் மேல் பேப்பர் ஒட்டி வலது பக்கத்தை முடித்தார். இடது பக்கத்துக்கு டேப் தீர்ந்துவிட்டது. அதற்குள் தரகரிடமிருந்து போன். பெண்ணின் போட்டோ சமாச்சாரம். “நீயே அடி பாப்பா, தட்டுல மட்டும் சொட்டாம பாத்துக்க” என்று பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கொல்லையில் அம்மா பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். பால் ஒட்டாமல் இருக்கக் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய். அவ்வளவுதான், எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. கிண்ணத்தோடு எண்ணெயை எடுத்துவந்து தட்டின் இரண்டு பக்கமும் வழித்துத் தேய்த்தேன். பெயிண்ட் சொட்டினால் துணியால் ஒரே இழுப்பு, போயே போச்சு. மாமா வந்து பார்த்து அசந்துபோனார். “என்னைவிட நீட்டா அடிச்சிருக்கடி!” சக்கரத்தை மாட்டினார். எண்ணெயைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

மறுநாள் காலை அளக்கிறவர்கள் போலீஸோடு எங்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். கூலிக்கு உழைத்த குடும்பம் போராடி வாங்கிய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் அது. குறுவை நாற்று வேறு நின்றது. அப்பா உட்பட ஊரே அங்கேதான். பட்டாவைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி அம்மா மாமாவை விரட்டினாள். நானும் ஏறிக்கொண்டேன். வாய்க்கால் கரையில் நேர் ரோடு. பிரேக்குக்கு வேலையே இல்லை. கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாமா பிரேக்கை அமுக்கினார்.

இடது பக்கம் வழுக்கியது. வலது பக்கம் மட்டும் கவ்வியது. வண்டி வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பி, கரையோரம் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தவர்களை நோக்கிப் பாய்ந்தது. மாமா அலறினார். கருவியின் முக்காலி நொறுங்கியது. ஒருவர் வாய்க்காலில் குதித்தார். அவர் மணிக்கட்டு உடைந்த சத்தம் கேட்டது போல எனக்கு இன்றும் தோன்றுகிறது. வண்டி மூக்கைத் தண்ணீருக்குள் நுழைத்து நின்றது.  ஊரே விசிலடித்தது. மச்சானை ஷோக்குப் பேர்வழி என்றே திட்டும் அப்பா, ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

மாமா அப்பாவின் பிடியிலிருந்து விலகிப் போலீஸ்காரரைக் கும்பிட்டார். “பிரேக்குதான் சார் அடிச்சேன். வண்டி இழுத்துக்கிச்சு சார்.”

போலீஸ்காரர் சக்கரத்துக்குள் குனிந்து பார்த்தார். “செவப்பெல்லாம் அடிச்சி ரெடி பண்ணிட்டுத்தான் வந்திருக்க. நாளைக்கி பிரேக்கப் பாக்க ஆள் வருது. பாத்துட்டுத்தான் உன்ன என்ன பண்றதுன்னு சொல்லுவாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரேக்! எண்ணெய்! பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால் அடி கிடையாது. சாயங்காலம் டிராக்டர் காரை இழுத்துக் கரையில் விட்டதும் சீயக்காய்த் தூள், தேங்காய் நார், ஒரு வாளி தண்ணீரோடு போனேன். காவலுக்கு இருந்த போலீஸ்காரர், “மாமா மேல அவ்ளோ பாசமா?” என்று சிரித்து, இன்னொரு வாளி தண்ணீரும் மொண்டு கொடுத்தார். சக்கரத்தின் இடுக்கில் கையைவிட்டு, தட்டு பளபளக்கும்வரை தேய்த்தேன். விரல் கன்றிவிட்டது.

மறுநாள் பிரேக் பார்க்க வந்தவர் காரை நாலு தடவை ஓட்டி, நாலு தடவையும் நறுக்கென்று நிறுத்தினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு பக்கமும் சூப்பரா புடிக்குது. ஒரு கோளாறும் இல்ல.”

கூட்டம் மறுபடி விசிலடித்தது. போலீஸ் ஜீப்பில் இருந்த மாமாவைப் பார்த்து நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். வழக்கு வருடக்கணக்கில் நடக்கப்போகிறது, பாஸ்போர்ட் கோர்ட்டில் தூங்கப்போகிறது, அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகப்போகிறது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பிரேக் நன்றாக இருக்கிறது என்று அவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டும் மாமா ஏன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார் என்று யோசித்தபடி, ஜீப் மறையும்வரை குதித்துக் குதித்துக் கையாட்டிக்கொண்டிருந்தேன்.