ஓர்லெட்டா வீட்டில் இல்லை

நான்காவது தடவையாக மெத்தை விரிப்பை எடுத்து உதறுகிறாள் ஓர்லெட்டா டாலிவர். அதில் ஒன்றும் இல்லை. காலையில் உதறியபோதும் இல்லை, குளித்துவிட்டு வந்து உதறியபோதும் இல்லை. ஆனாலும் சிகாகோவிலிருந்து வரும் தம்பி பிள்ளைகள் படுக்கப்போகிற மெத்தை. இதற்குள் ஒரு சிலந்தி ஏறியிருந்தால் என்ன செய்வது?

வாசலில் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருக்கும் கணவர் லெமியூல் ஜன்னல் வழியாகக் குரல் கொடுக்கிறார்: "அடியே, வர்றது உன் தம்பி புள்ளைங்க. ராஜா வீட்டுக் கண்ணுக்குட்டிங்க இல்ல."

"உனக்கென்னய்யா, நீ கல்லு. எங்கம்மா போனப்புறம் அவனை இடுப்புல வச்சு வளத்தவ நான்."

வருடம் முழுக்க ஓர்லெட்டாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முந்நூறு குழந்தைகளுக்குச் சோளரொட்டி சுட்டுப் போடுகிறவள், கோடை விடுமுறைக்கு வருகிற மூன்று குழந்தைகளுக்கு நடுங்குகிறாள். அவள் பயத்திலும் நியாயம் உண்டு. மிசிசிப்பியின் ஜூலையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். உப்பு, டப்பாவுக்குள்ளேயே கட்டிதட்டிப் போகும். ஈரத்தில் ஊதிய கதவுகளைத் தோளால் இடித்துத்தான் திறக்கவேண்டும். வடக்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்துவிடும். அதற்குச் சோளமாவு தனியாக ஒரு டப்பாவில் இருக்கிறது. கொசுக்கடிக்கு ஒரு புட்டி, வயிற்றுவலிக்கு ஒரு புட்டி, கெளுத்தி மீன் முள் தொண்டையில் சிக்கினால் விழுங்க நேற்றைய ரொட்டி. இந்தப் பெண்மணியின் அலமாரியைப் பார்த்தால் வருவது விருந்தாளிகளா, அடிபட்ட பட்டாளமா என்று சந்தேகம் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் சாலைதான். இல்லினாய் நம்பர் பலகையோடு ஒரு கறுப்பன் வண்டி ஓட்டி வந்தால், எங்கள் பக்கத்துப் போலீஸ்காரர்களுக்கு உள்ளங்கை அரிக்கும். அதனால் வழியில் இரண்டு இடத்திலிருந்து தம்பி ஹோசியா தன் அக்காவுக்கு டிரங்க் கால் போட்டாக வேண்டும். பேசுவதற்கு அல்ல. ஆள் பெயர் சொல்லிக் கேட்கும் கால் அது. அந்த ஆள் இல்லையென்றால் யாருக்கும் செலவில்லை. வடக்கே உறவுள்ள எங்கள் தெரு முழுக்க இந்தத் தந்திரம் தெரியும். கார்பன்டேலைத் தாண்டினால் மிஸ்டர் கார்ட்டரைக் கேட்பான். மெம்ஃபிஸ் வந்தால் மிஸ்டர் மீக்ஸ். ஓர்லெட்டா மிகுந்த மரியாதையோடு, "அவர் வீட்ல இல்லைங்களே" என்பாள். வைத்த கையோடு "ஸ்தோத்திரம்" என்று உட்காருவாள். பதினொரு வருடமாக, பிறக்காத இந்த இரண்டு கனவான்களும் ஓர்லெட்டாவின் வயிற்றில் பால் வார்த்து வருகிறார்கள்.

இன்றைக்கும் மிஸ்டர் கார்ட்டர் விடியற்காலையில் வந்தார். மிஸ்டர் மீக்ஸ் பகல் பன்னிரண்டுக்கு வந்தார். இனி இரண்டரை மணி நேரம்தான். ஓர்லெட்டா தேநீரில் சர்க்கரையைக் கொட்டி ஐஸ் பெட்டியில் வைத்தாள். இரண்டு மணிக்கு மறுபடியும் போன் அடித்தது. ஒரு கையில் மாவோடு ஓடி வந்து எடுத்தாள்.

"ட்ரங்க் கால். ஓர்லெட்டா டாலிவர் இருக்காங்களா?" என்றாள் ஆபரேட்டர்.

"அவங்க வீட்ல இல்லைங்களே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சமையலறை வாசல்வரை போன பிறகுதான் கால் நின்றது. பதினொரு வருடப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது. மிஸ்டர் யாரையும் அவன் கேட்கவில்லை. அவளையே கேட்டிருக்கிறான். அப்படியென்றால் ஏதோ ஆகியிருக்கிறது.

புத்தியுள்ளவள் போன் பக்கத்திலேயே காத்திருப்பாள். பதற்றம் புத்தியைத் தின்றுவிட்டது. அடுத்த தெருவிலிருக்கும் சிநேகிதி ஐடெல்லாவுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ ஐடெல்லா, நான் இல்லைன்னு நானே சொல்லிட்டேன்டி!"

"நீ இல்லாம அப்ப யாருடி பேசுனது?"

கதை முழுதும் சொல்லி, அழுது, மூக்கைச் சிந்தி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அதன்பிறகுதான் ஐடெல்லாவுக்கு உறைத்தது. "அறிவுகெட்டவளே, முதல்ல போனை வை! அவன் திரும்பக் கூப்பிட்டா லைன் எப்படிக் கிடைக்கும்?"

வைத்தாள். வெளியே மேற்கு கறுத்துவிட்டது. முதல் இடி ஜன்னல் கண்ணாடியை அதிரச் செய்தது.

இடி இடிக்கும்போது எங்கள் வீடுகளில் விளக்கு அணைந்துவிடும், டி.வி.யின் வயர் சுவரிலிருந்து வெளியே வந்துவிடும். யாரும் வாய் திறக்கக்கூடாது. கர்த்தர் தம் வேலையைச் செய்கிறார். போனைத் தொடவே கூடாது, கம்பி வழியாக மின்னல் இறங்கும். இந்தச் சட்டத்தை டாலிவர் வீட்டில் கட்டிக்காப்பவளே ஓர்லெட்டாதான். பன்னிரண்டு வயதில், வேலிக் கம்பியில் சாய்ந்து நின்ற மாடு மின்னலில் கருகி விழுந்ததைப் பார்த்தவள். தும்மினால்கூட லெமியூலைக் கிள்ளுவாள்.

இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. அதே நொடியில் முற்றத்து மரங்களெல்லாம் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தன.

"தொடாதே ஓர்லெட்டா. கர்த்தர் வேலை செய்யறாரு."

"அவரு வேலையை அவரு பாக்கட்டும்."

எடுத்தாள். ஆபரேட்டர் பெயரைச் சொல்லி முடிக்குமுன், "நான்தான்! நான்தான் ஓர்லெட்டா! குடுங்க!" என்று கத்தினாள்.

வந்தது தம்பியின் குரல் அல்ல.

"ஏம்மா, டெபுடி ஷெரீப் பேசறேன். இங்க கடைவாசல்ல சிகாகோ வண்டி ஒண்ணை நிறுத்தி வச்சிருக்கேன். பக்கத்து ஊர்ல எனக்கு அக்கா இருக்காங்கறான். கூப்பிட்டா அப்படி ஒரு ஆளே வீட்ல இல்லைன்னு பதில் வருது. இப்ப நீ இருக்கேங்கற. எதும்மா நிஜம்?"

ஓர்லெட்டா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னுதுங்கய்யா. அவன் என் தம்பி. என் சொந்தத் தம்பிங்கய்யா."

"யாரு வேணா சொல்லலாம். வண்டில யார் யாரு?"

"அஞ்சு பேருங்கய்யா. ஹோசியா, அவன் பொண்டாட்டி கிளாரிஸ். மூத்தவ ரோசெல், பதிமூணு வயசு, கண்ணாடி போட்டிருப்பா, அதுல ஒரு காலு ஒடிஞ்சு ஒட்டிருக்கும். டெல்பர்ட்டுக்கு ஒம்பது, ஒரு இடத்துல நிக்கமாட்டான். கடைக்குட்டி மின்னாவுக்கு முன்பல்லு ரெண்டும் இல்லை, வெயில்ல மூக்குல ரத்தம் வரும், தலையை நிமித்தக்கூடாதுங்கய்யா, குனிஞ்சாப்பல வச்சு..."

"போதும், போதும்." வண்டிப் பக்கம் திரும்பித் தலைகளை எண்ணிப் பார்க்கிறான் போலும். இடி ஒன்று தலைக்குமேல் வெடித்தது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சரி, வரச் சொல்றேன். இனிமே வீட்ல இருந்தா இருக்கேன்னு சொல்லு" என்றான். லைன் செத்தது.

அரை மணி நேரத்தில் வரவேண்டிய வண்டி முக்கால் மணி கழித்து வந்தது. மழை இன்னும் விடவில்லை. பிள்ளைகள் "அத்தை!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். லெமியூல் ஆளுக்கொரு துண்டைப் போர்த்தினார். ஹோசியா கதவைத் திறந்து இறங்கி நின்றான். நாற்பத்திரண்டு வயது மனிதன், சிரிக்கப் பார்த்தான்.

"ஏன்க்கா, இருந்துக்கிட்டே இல்லைன்னுட்டியே" என்றான்.

 மின்னல் வெட்டும்போது வாசற்படி தாண்டாத ஓர்லெட்டா, படியிறங்கித் தம்பியையும் தாண்டி, வண்டிக்குப் பின்பக்கம் போனாள். சாலையை இரண்டு பக்கமும் பார்த்தாள். சேற்றில் முழங்கால் ஊன்றினாள். இடுப்பிலிருந்த சமையல் ஏப்ரனை அவிழ்த்து, இல்லினாய் நம்பர் பலகையை மூடி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக் கட்டினாள்.