காது வளர்ந்த பூனை

பூனைக்குக் காது வளராது. கிழிந்தால் கிழிந்ததுதான், போனால் போனதுதான். இதைத் தெரிந்துகொள்ள மிருக வைத்தியரிடம் போகத் தேவையில்லை. ஆனால் எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, மன்னாரில் அடம்பன் பக்கத்தில் எங்கள் ஊரில், ஒரு வேப்பமரத்தின் கீழே கூடியிருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் காது வளரும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். முதலில் சொன்னவர் என் தாய்மாமன். அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

சண்டைக்கு முன்னர் எங்கள் வீட்டில் ஒரு விதானையார் இருந்தார். ஊருக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தரைத்தான் விதானையார் என்போம். எங்களுடையவர் பூனை. பெயர் வைத்தது அண்ணன். காலையில் வெளிக்கிட்டு எல்லா வீட்டுக்கும் போய், எல்லா வீட்டிலும் எதையாவது தின்றுவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் பின்னேரம் வருகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டான். மரியாதையாகத்தான் அழைப்போம். "விதானையார், சாப்பிட வாங்கோ" என்றால்தான் வருவார். கறுப்பும் வெள்ளையுமான கொழுத்த கடுவன். ஒருமுறை பக்கத்து வளவு நாய் கடித்து இடக்காதில் பாதி போய்விட்டது. அண்ணன் மஞ்சள் பூசிவிட்டு என்னிடம் சொன்னான்: "இனி இதுதான் இவற்ற குறி. எங்க துலைஞ்சாலும் பிடிக்கலாம்."

குறி என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாடு வைத்திருக்கிறவர்கள் மாட்டின் தொடையில் தங்கள் எழுத்தைச் சுட்டுவிடுவார்கள். மாடு காட்டில் எங்கே மேய்ந்தாலும் அந்த எழுத்து யாருடையது என்று சொல்லும்.

ஷெல் விழத் தொடங்கி நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிய அன்று அண்ணன் விதானையாரை உரப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். அம்மா மறித்தாள். நாய் ஆளோடு, பூனை வீட்டோடு, கொண்டுபோனால் வழியில் செத்துப்போகும் என்றாள். அண்ணன் பையை அவிழ்த்துவிட்டான். விதானையார் திரும்பியும் பாராமல் கூரைக்கு ஏறினார். "வந்து கூட்டிக்கொண்டு போவம். காதை ஞாபகம் வைச்சிரு" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். நான் ஞாபகம் வைத்திருந்தேன். நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

பிறகு நடந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றைத்தான் எழுதுவேன். சண்டையின் கடைசி மாதங்களில் ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அம்மா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஒவ்வொரு கந்தோரிலும் கதிரையில் இருக்கிறவர், மகனின் அடையாளம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பார். அம்மா முதலில் இருந்து எல்லாவற்றையும் சொல்வாள். அடுத்த முறை போனால் அதே ஆள் அதையே கேட்பார்.

முகாமிலிருந்து எங்களை ஊரில் கொண்டுவந்து இறக்கியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு, நிலை, கிணற்றுக் கப்பி எதுவும் இல்லை. வளவு முழுக்கப் பற்றை. கண்ணிவெடி எடுத்து முடியாத பக்கத்துக்கு மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். அப்பா கூரைக்குப் பதிலாகத் தறப்பாள் கட்டினார். அம்மா ஒரு கல்லில் இருந்தாள். சமைக்கவில்லை, கூட்டவில்லை. யாராவது எதையாவது தந்தால் என் வாயில் தீத்துவாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கிணற்றடிப் பற்றைக்குள்ளிருந்து ஒரு பூனை வந்தது. கறுப்பும் வெள்ளையும். விலா எலும்பெல்லாம் தெரிந்தது.

அம்மா கல்லைவிட்டு எழும்பினாள். "விதானையார்?" என்றாள்.

பூனை வந்தது. பசித்த பூனை எந்தப் பெயருக்கும் வரும்.

"அம்மா, உது அவரில்லை. காதைப் பாருங்கோ, ரெண்டும் இருக்கு" என்றேன்.

"விதானையார், வாங்கோ, வாங்கோ" என்றாள் அம்மா. நான் பேசியது அவளுக்குக் கேட்கவே இல்லைப்போல இருந்தது. அன்றைக்கு மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். சோறும் பருப்பும் ஆக்கினாள். முதல் பங்கு பூனைக்கு.

அடுத்த நாளிலிருந்து வளவுக்கு வருகிற ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் கதை. "எங்கட விதானையாரைக் கண்டனீங்களே? இவ்வளவு காலமும் ஆளில்லாக் காட்டுக்க தனியச் சீவிச்சிருக்குது. வந்திட்டுது பாருங்கோ." வந்தவர்கள் ஓம் ஓம் என்பார்கள். நான் பக்கத்தில் நின்று காது, காது என்று கத்துவேன். அதோடு அது கடுவனும் இல்லை, பெட்டை. அதையும் சொன்னேன். அதற்கு அப்பா என் கன்னத்தில் ஒன்று போட்டார். அதுவரைக்கும் அப்பா எனக்குக் கை நீட்டியதில்லை. உண்மை சொன்னதற்கு அடி வாங்கியதை நான் மறக்கப்போவதில்லை.

எனக்கு அந்தப் புதுப் பூனைமேல் ஒரு கோபமும் இல்லை. என் கவலை மற்றவரைப் பற்றி. அவருடைய இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து இருத்தி, அவருடைய பெயரையும் கொடுத்துவிட்டால், அரைக்காதோடு எங்கேயோ கிடக்கிற எங்கள் விதானையாரை இனி யார் தேடுவார்கள்? வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் தேடல் முடிந்துவிடும். அண்ணன் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?

எனக்கு ஒரு நீதவான் தேவைப்பட்டார். மாமா இருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் குறி வாசிப்பதில் அவருக்கு மேல் ஆள் இல்லை. சண்டையில் விட்டுப்போன மாடுகள் காட்டில் பெருகிக் கட்டாக்காலியாகத் திரிந்தன. அவற்றை வளைத்துப் பிடித்துவந்து வேப்பமரத்தடியில் அடைத்து வைத்திருந்தார்கள். இது என்னுடையது, அது என்னுடையது என்று சனம் அடிபடும். மாமா மாட்டின் தொடையைத் தடவி, மயிரை ஒதுக்கி, பழைய சூட்டை விரலால் வாசித்து, யாருடையது என்பார். அதற்குமேல் பேச்சில்லை. அப்பா ஒரு சிவப்புப் பசுவைத் தன்னுடையது என்று கேட்டார். எங்களிடம் ஒரு மாடும் மிஞ்சவில்லை. மாமா தடவிப் பார்த்துவிட்டு, "அத்தான், கோவிக்கக்கூடாது. எழுத்து உங்கடயில்லை" என்றார். சொந்த அக்காவின் வீட்டில் பால் இல்லை என்று தெரிந்துகொண்டே சொன்னார். அப்பா வெறுங்கையோடு வந்தார். அதற்குப் பிறகு மாமாவோடு அவர் சரியாகக் கதைத்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நான் நம்பினேன்.

பூனையை உரப்பைக்குள் போட்டுக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அது பைக்குள்ளிருந்து என் முதுகைப் பிறாண்டியது. மரத்தடியில் ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் நின்றார்கள்.

"எடி பிள்ளை, உரப்பைக்க என்ன, கண்டுக்குட்டியோ?"

"கட்டாக்காலிதான். குறி பாக்க வேணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "தொடையில என்ன எழுத்து? 'மியா'வோ?" என்றார். இன்னும் சிரித்தார்கள். நான் பையை அவிழ்த்துப் பூனையின் பிடரியைப் பிடித்து மாமாவுக்கு முன்னால் நீட்டினேன்.

"மாமா, எங்கட விதானையாருக்கு இடக்காது பாதி இல்லை. உங்களுக்கும் தெரியும். அவர் கடுவன். இது எங்கட பூனையோ இல்லையோ? எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ."

மாமாவின் முகத்தில் அப்போதும் சிரிப்பு இருந்தது. அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்தார். நானும் திரும்பினேன். அம்மா வந்து நின்றுகொண்டிருந்தாள். சமையலிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், கையில் மா ஒட்டியிருந்தது.

மாமா பூனையை வாங்கினார். மாட்டைப் பார்க்கிற மாதிரியே நிதானமாகப் பார்த்தார். இடக்காதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அடியிலிருந்து நுனிவரை தடவினார். வாலைத் தூக்கிப் பார்த்தார். வாலை விட்டார்.

"அக்கா, உங்கட விதானையார்தான்" என்றார்.

"காது?" என்று நான் கத்தினேன்.

"காது வளர்ந்திட்டுது, பிள்ளை."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒரு கன்றின் தொடையில் இருக்கிற ஒற்றைக் கோட்டுக்காகச் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள். யாராவது ஒருவர் எதிர்த்துப் பேசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். 'மியா' என்று பகிடி விட்டவர்தான் முதலில் வாய் திறந்தார். "ஓம், வளரும்" என்றார். "வளரும், வளரும். காலம் எடுக்கும்" என்றார் இன்னொருவர். அம்மா பூனையை வாங்கி மடிச்சீலைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் வெறும் பையோடு பின்னால் போனேன்.

அன்று பின்னேரம் அப்பா தறப்பாளுக்கு வெளியே நின்று தனக்குள் முணுமுணுத்தார். "எனக்கு ஒரு மாட்டைத் தர மனமில்லை. பூனைக்கெண்டால் காதே முளைப்பிக்கிறான்."

நான் அத்துடன் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சரிடம் கேட்டேன். பல்லிக்கு வால் வளரும், பூனைக்குக் காது வளராது என்றார். அதைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தேன்.

"ரீச்சர் எங்கயிருந்து வாறவ?"

"வங்காலையிலயிருந்து."

"அது கடற்கரைப் பூனை, பிள்ளை. உப்புக்காத்துக்கு வளராது. இது வயல் பூனை."

கொஞ்சக் காலத்தில் விதானையார் நிவாரணப் பருப்பு வந்த பெட்டிக்குள் படுத்து நாலு குட்டி போட்டார். நான் மாமாவை இழுத்துவந்து காட்டினேன். கடுவன் குட்டி போடுமா என்று கேட்டேன். "இந்தச் சண்டைக்குப் பிறகு என்னதான் நடக்காது" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். அம்மா குட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றை ஊருக்குக் கொடுத்தோம். ஒன்றை நான் கொடுக்க விடவில்லை. முழுக் கறுப்புக் கடுவன். சாட்சி என்று பெயர் வைத்தேன். யாராவது என்றைக்காவது உண்மையை விசாரிக்க வந்தால் காட்டுவதற்கு என் கையில் ஒன்று இருக்கவேண்டும் என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை. சாட்சி சும்மா கிடந்து கொழுத்தான்.

அந்த இரண்டும் கிழடாகும்வரை எங்களோடு இருந்தன. வீடு கட்டி, கூரை போட்டு, கரண்ட் வந்து, நான் வளர்ந்து மன்னாரில் தையல்கடை போட்டபிறகும் இருந்தன. வங்காலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்காரர் ஹோர்ன் அடித்தால் தாயும் மகனும் கேற்றடியில் போய் இருப்பார்கள். விதானையாருக்குப் பல்லெல்லாம் கொட்டியபிறகு அம்மா சூடை மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து விரலால் தீத்துவாள். கண் மங்கியபிறகு தண்ணீர்ச் சட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். சாட்சி தாய் போவதற்கு முந்திய வருடம் செத்தான். ஒரு விசாரணையும் நடக்காமலே செத்தான்.

விதானையார் போன மாரியில், அடுப்படியில், சாம்பல் சூட்டில் படுத்தபடி போய்விட்டா. அம்மா தொலைபேசியில் சொல்ல, முதல் பஸ்ஸில் போனேன். தேசிக்காய் மரத்தடியில் நான் மண்வெட்டியால் கிடங்கு வெட்டினேன். அம்மா பழைய சாரத் துணி ஒன்றில் அவவைச் சுற்றினாள். முகத்தை மூடும் முன்னர் இடக்காதைத் தடவினாள்.

"வடிவான காது" என்றாள். "ஒரு கீறலும் இல்லை."

நான் வெட்டுவதை நிறுத்தினேன். "அப்ப உங்களுக்குத் தெரியும்?"

"நான் என்ன குருடியே? கிணத்தடியில காணேக்கையே தெரியும்."

எனக்கு அந்தப் பழைய ஆத்திரம் அப்படியே ஏறியது. "பிறகேன் என்னைப் பொய்க்காரி ஆக்கினனீங்கள்? அப்பா எனக்கு அடிச்சவர், அம்மா."

அவள் சாரத்தின் ஓரத்தை மடித்து மடித்து உள்ளே செருகினாள்.

"இது ஆரோ ஒருத்தற்ற வீட்டுப் பூனை. அவையும் எங்கயோ இருந்து இதைக் கூப்பிட்டிருப்பினம்" என்றாள். "எங்கயோ ஒரு வீட்டில ஆரோ ஒரு மனிசி, என்ர பிள்ளையை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு போடுறாள் எண்டு நினைச்சன். நான் இதுக்குப் போட்டால் அவள் அவனுக்குப் போடுவாள்."

நான் கிடங்கை இன்னும் ஆழமாக வெட்டினேன். அடையாளம் கேட்ட கந்தோர்க்காரர்கள் எல்லோரையும் இழுத்துவந்து அந்தக் கிடங்கின் விளிம்பில் நிறுத்தவேண்டும் போல இருந்தது.

மாமா இப்போது இல்லை. 'மியா' என்று பகிடி விட்டவருக்கு இரண்டு மகன்மார் திரும்பி வரவேண்டியிருந்தது என்று பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும். 'காலம் எடுக்கும்' என்ற மற்றவர் மனைவியைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று வேப்பமரத்தடியிலிருந்து வெறும் பையோடு திரும்பி நடந்தபோது இந்த ஊரில் அத்தனை பேரும் பொய்யர்கள் என்று நினைத்தேன். பையை அவிழ்க்கும் முன்னர் அப்படிச் சிரித்தவர்கள், மாமா காது வளர்ந்துவிட்டது என்று சொன்னபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே, ஏன் என்று நான் யோசிக்கவில்லை.